லைட் எரியுது, ஏசி ஓடல! ஆர்வி கரண்ட் கேள்வி பதில்

சம்மர் வந்தாச்சுன்னா அமெரிக்காவுல நம்ம ஆளுங்க ட்ரெய்லரை (கார் பின்னாடி இழுத்துட்டுப் போய் உள்ளயே தங்குற வீடு மாதிரி வண்டி, ஆர்வில ஒரு வகை) மாட்டிக்கிட்டு கிளம்பிடுறாங்க, அப்புறம் இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வி எல்லாம் கரண்ட் போச்சு, கரண்ட் போச்சுன்னுதான் இருக்கு. ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு ஒரே பதில்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் சார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ட்ரெய்லர் வாங்கினோம், 30 ஆம்ப் வண்டி. ஜூலைல டெக்சாஸ்ல ஒரு ஸ்டேட் பார்க்ல போட்டிருந்தோம். சாயங்காலம் ஏசி ஓடிட்டிருக்கு, என் வைஃப் இன்ஸ்டன்ட் பாட்ல (கரண்ட் குக்கர்) சாதம் வெச்சாங்க, வெச்ச கொஞ்ச நேரத்துல டப்புனு ஏசி, மைக்ரோவேவ், ப்ளக் பாயிண்ட் எல்லாமே அவுட். ஆனா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, தண்ணி பம்ப்பும் ஓடுது! வெளிய பெடஸ்டல்ல (வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பார்க் கம்பம்) பிரேக்கரைப் பாத்தேன், ஆன்லதான் இருக்கு. நடுராத்திரிக்கு மேல லைட்டும் மங்கிப்போச்சு, ஃபிரிட்ஜ் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்கு வந்து ஒரு ஆர்வி கடைக்கு ஃபோன் போட்டா, கன்வெர்டர் போயிருக்கும், மாத்திடுங்கன்னு சொல்றாங்க. மாத்திடவா? (டாலஸ் வாசகர்)

பதில்: மாத்தாதீங்க சார். மீட்டர் வெச்சுப் பாக்காம ஃபோன்லயே கன்வெர்டர் போச்சுன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு யாரும் காசு செலவு பண்ணாதீங்க, நான் இந்தப் பகுதியில திரும்பத் திரும்ப சொல்றது இது ஒண்ணுதான்.

உங்க வண்டிக்குள்ள ரெண்டு தனித்தனி கரண்ட் இருக்கு. ஒண்ணு 120 வோல்ட், அது பெடஸ்டல்ல இருந்து அந்த தடி வயர் வழியா வருது, ஏசி, மைக்ரோவேவ், ப்ளக் பாயிண்ட், வாட்டர் ஹீட்டரோட எலக்ட்ரிக் பக்கம் எல்லாம் அதுல ஓடும். இன்னொண்ணு 12 வோல்ட், அது பேட்டரில இருந்து வருது. லைட், கூரை ஃபேன், தண்ணி பம்ப், ஃபர்னஸ் (குளிருக்கு வண்டியை சூடாக்குற கேஸ் ஹீட்டர்) ப்ளோயர், கேஸ் டிடெக்டர், ஃபிரிட்ஜோட மூளை போர்டு, வண்டியோட பக்கத்தை வெளிய தள்ளி இடத்தைப் பெருசாக்குற ஸ்லைட் மோட்டார் எல்லாம் இதுல. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கிறதுதான் கன்வெர்டர், 120ஐ வாங்கி பதிமூணரை வோல்ட் பக்கத்துல மாத்தி உங்க லைட்டுக்கும் கொடுத்து பேட்டரியையும் சார்ஜ் பண்ணும்.

இப்ப உங்க கதையைப் பாருங்க, லைட் எரிஞ்சுது, ப்ளக் பாயிண்ட் செத்துச்சு, அப்படின்னா 120 வண்டிக்குள்ளயே வரல, கன்வெர்டருக்கே சாப்பாடு இல்ல, அது எப்படி பேட்டரிக்கு ஊட்டும். ராத்திரி வரைக்கும் லைட்டும் ஃபேனும் ஓடினது பேட்டரியோட தயவு, அது காலியானதும் ஃபிரிட்ஜ் கத்திச்சு. கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜா இருந்தாலும் அந்த போர்டுக்கு 12 வோல்ட் இல்லாம வேலை செய்யாது, சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் ஏன் ஓடலன்னு மண்டையைப் பிச்சிக்கிறவங்க நிறைய பேர், அதுக்கும் இதுதான் பதில்.

ஏன் போச்சுன்னு கேட்டா கணக்குப் போட்டுப் பாருங்க. 30 ஆம்ப் வண்டின்னா 120 வோல்ட்ல மொத்தம் 3600 வாட், அவ்ளோதான். ஏசி ஓடும்போது ஒரு 13 ஆம்ப், வெயில் காலத்துல இன்னும் கூட. ஃபிரிட்ஜ் கரண்ட்ல இருந்தா 3. கன்வெர்டர் ஒரு 5, 6. இன்ஸ்டன்ட் பாட் 1000 வாட்னா 8க்கு மேல. இதுவே 30ஐ தொட்டாச்சு. இதுல சத்தமே போடாம ஒருத்தன் இருப்பான், வாட்டர் ஹீட்டர், அதோட எலக்ட்ரிக் சுவிட்ச் ஆன்ல கிடந்தா அது மட்டும் 1440 வாட், 12 ஆம்ப். செகண்ட் ஹேண்ட் வண்டில பழைய ஓனர் அந்த சுவிட்சை ஆன்லயே விட்டிருப்பார், உங்களுக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. சமைக்கிற நேரத்துல வாட்டர் ஹீட்டரை கேஸ்ல போடுங்க, இல்லன்னா சாதம் ஆகுற வரைக்கும் ஏசியை நிறுத்துங்க, இண்டக்ஷன் அடுப்பு கொண்டு போறவங்களுக்கும் இதே பேச்சுதான், அது தனியாவே 1800 வாட் இழுக்கும்.

பிரேக்கர் ஆன்லதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதை நான் நம்ப மாட்டேன், உங்களை இல்ல, பிரேக்கரை! ட்ரிப் ஆன பிரேக்கர் நிறைய நேரம் நடுவுல நிக்கும், பாக்கறதுக்கு ஆன் மாதிரியே தெரியும், டார்ச் வெளிச்சத்துல சுத்தமா தெரியாது. முழுசா ஆஃப் பக்கம் தள்ளி, க்ளிக்னு உக்காந்த அப்புறம் ஆன் பண்ணணும். வெயில்ல காய்ஞ்சு பல வருஷம் ஓஞ்சு போன பார்க் பிரேக்கர் 30க்கு முன்னாடியே விழுறதும் உண்டு.

அப்பவும் வரலன்னா வெளிய இருந்து உள்ள ஒவ்வொரு படியா வாங்க, நடுவுல குதிக்காதீங்க. முதல்ல பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு வயரைப் பிடுங்குங்க, லோடு ஓடிட்டிருக்கும்போதே வயரைப் புடுங்கினா தீப்பொறி பறக்கும், ப்ளக் முள் கருகுறது பாதி இதனாலதான். பிடுங்கின ப்ளக்கை நல்லா பாருங்க, முள்ளுல ஒண்ணு பழுப்பாவோ கருப்பாவோ இருந்தாலோ பிளாஸ்டிக் உருகி இருந்தாலோ அங்கதான் பிரச்சனை, சாண்ட் பேப்பர் போட்டுத் தேச்சுட்டு திரும்ப சொருகாதீங்க, ப்ளக்கையே மாத்தணும். அதே மாதிரி வண்டிப் பக்கம் மாட்டுற முனை, திருகி லாக் பண்ற டைப்பா இருந்தா முழுசா திருகியிருக்கான்னு பாருங்க, அரைகுறையா நின்னா அங்கேயே சூடாகி எரியும்.

அடுத்தது மீட்டர். விலை கம்மியான சாதா மல்டிமீட்டர் போதும், ஆனா சிவப்பு வயர் வோல்ட் ஓட்டைல இருக்கணும், ஆம்ப் ஓட்டைல சொருகிக்கிட்டு பெடஸ்டல்ல கை வெச்சா மீட்டரோட போகாது, உங்க கையும் போகும். இதெல்லாம் பழக்கம் இல்லைன்னா பார்க் ஆபீஸ்ல சொல்லுங்க, அவங்க ஆளு வந்து அளப்பார், இல்ல வேற சைட் (வண்டி நிறுத்துற இடம்) கொடுப்பாங்க. அளந்தா சாய்ஞ்ச ரெண்டு பட்டை ஓட்டைக்கும் நடுவுல 120 பக்கம் காட்டணும், ஹாட்டுக்கும் (ரெண்டு பட்டைல கரண்ட் வர்றது, இன்னொண்ணு நியூட்ரல்) உருண்டை ஓட்டைக்கும் (எர்த்) அதே 120, நியூட்ரலுக்கும் உருண்டை ஓட்டைக்கும் ஏறத்தாழ பூஜ்யம். இது சரியா இருந்தா பார்க் மேல தப்பில்ல, உங்க வண்டி உள்ள பேனல்ல மெயின் பிரேக்கரையும் அதே மாதிரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

வண்டிக்கு இஎம்எஸ் (வர்ற கரண்ட் சரியில்லன்னா தானா கட் பண்ற பாதுகாப்புப் பெட்டி) போட்டிருந்தா அதோட டிஸ்ப்ளேல என்ன கோடு காட்டுதுன்னு மொதல்ல பாத்துடுங்க. டெக்சாஸ் ஜூலை மத்தியானம் பார்க்ல எல்லா வண்டியும் ஒரே நேரத்துல ஏசி ஓட்டும்போது வோல்டேஜ் சரிஞ்சிடும், 104க்கு கீழ போனா நிறைய இஎம்எஸ் தானாவே கட் பண்ணும், அப்புறம் சரியானாலும் ஏசி கம்ப்ரெசரைக் காப்பாத்த ரெண்டு நிமிஷம் காத்திருந்துதான் விடும். அது பாட்டுக்கு அதோட வேலையைச் செய்யுது, கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அதைக் கழட்டி வெச்சுட்டு நேரா மாட்டுறவங்க இருக்காங்க, அவங்களுக்கு அடுத்து ஏசி கம்ப்ரெசர் பில்லு வரும்.

இத்தனையும் சரியா இருந்து, ப்ளக் பாயிண்ட்ல கரண்ட் வந்து, அப்பவும் பேட்டரி முனைல 13க்கு மேல ஏறலன்னா, அப்ப வாங்க கன்வெர்டர் பத்திப் பேசலாம்.

கேள்வி: மழை பெஞ்ச மறுநாள்ல இருந்து எங்க ட்ரெய்லர்ல கிச்சன் ப்ளக், வெளிப்பக்க ப்ளக் ரெண்டும் வரல. ஏசி, மைக்ரோவேவ் நல்லா ஓடுது. பிரேக்கர் எதுவும் விழல. வயர் எலி கடிச்சிருக்குமா? (ஒஹாயோ வாசகி)

பதில்: எலியை விடுங்கம்மா, பாத்ரூமுக்குப் போங்க. அங்க கண்ணாடி பக்கத்துல டெஸ்ட், ரீசெட்னு ரெண்டு பட்டன் வெச்ச ப்ளக் ஒண்ணு இருக்கும், ஜிஎஃப்சிஐ, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்றது. கிச்சன் ப்ளக், வெளிப்பக்க ப்ளக் எல்லாம் பொதுவா அதுக்குப் பின்னாடிதான் கோத்திருப்பாங்க. வெளிய இருக்கிற ப்ளக்குக்குள்ள மழைத்தண்ணி போயிருக்கும், பாத்ரூம்ல இருக்கிறவன் விழுந்துட்டான். வெளி ப்ளக் மூடியைத் திறந்து நல்லா காயவிட்டு அப்புறம் ரீசெட் அமுக்குங்க. அமுக்கினா நிக்காம உடனே விழுந்தா இன்னும் ஈரம் இருக்கு, இல்ல அந்த ப்ளக்கே போச்சு. ஒரு விஷயம், வண்டிக்கு 120 வராத நேரத்துல பல ஜிஎஃப்சிஐ ரீசெட் ஆகவே ஆகாது, அதை வெச்சு அது கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

கேள்வி: ட்ரெய்லர் கதவு கைப்பிடியைப் பிடிச்சா லேசா சுர்ருங்குது, வெறும் கால்ல இருந்தா மட்டும்தான். செருப்புப் போட்டா ஒண்ணும் இல்ல. உள்ள எல்லாம் வேலை செய்யுது. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்ல? (அட்லாண்டா வாசகர்)

பதில்: தம்பி, இதைப் படிக்கிற நிமிஷமே பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு வயரைப் பிடுங்கிட்டு வாங்க, செருப்புப் போட்டுக்கிட்டு, வண்டி உடம்பைத் தொடாம. பசங்களை கிட்ட விடாதீங்க. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

லேசா சுர்ருங்குதுன்னா வண்டியோட உலோக உடம்புல கரண்ட் இருக்கு, எர்த் வயர் எங்கயோ அறுந்திருக்கு, அதனால அந்த கரண்ட் போறதுக்கு வழி இல்லாம உங்க உடம்பு வழியா மண்ணுக்கு இறங்குது. உள்ள எல்லாம் ஓடுதுன்னா அது ஒரு சமாதானமும் இல்ல, எர்த் இல்லாமலே எல்லா சாமானும் ஓடத்தான் செய்யும். இன்னிக்கு காய்ஞ்ச தரை, லேசா சுர்ருங்குது, நாளைக்கு ஈரப் புல்லுல நின்னு தொட்டா ஆளையே தூக்கும். எர்த் விட்டது பெடஸ்டல்லயா, எக்ஸ்டென்ஷன் வயர்லயா, மூணாவது முள்ளை வெட்டின அடாப்டர்லயான்னு தெரியணும். வேற சைட்டுல மாட்டி சுர் போயிட்டா பழைய பெடஸ்டல் தப்பு, ஆனா அதை உங்க கையால தொட்டு சோதிக்காதீங்க. பேனா மாதிரி ஒரு நான் கான்டாக்ட் டெஸ்டர் விக்கிறாங்க, வண்டி உடம்புக்குக் கிட்ட கொண்டு போனாலே கத்தும், அதை வெச்சுப் பாருங்க. எங்க போட்டாலும் கத்துதுன்னா வண்டிக்குள்ளயோ உங்க வயர், அடாப்டர்லயோ தப்பு, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டாம திரும்ப மாட்ட வேண்டாம்.

கேள்வி: யோசெமிட்டி நேஷனல் பார்க்ல அக்டோபர்ல ட்ரெய்லரைப் போட்டோம். சாயங்காலம் பேட்டரி ஃபுல்லுன்னு காட்டுச்சு, விடியக்காலைல ஃபர்னஸ் நின்னுடுச்சு, குளிர்ல பசங்க நடுங்கிட்டாங்க. புது பேட்டரிதான், டீலரே கொடுத்தது. பேட்டரி டுபாக்கூரா? (ஃப்ரீமாண்ட் வாசகி)

பதில்: யோசெமிட்டி கேம்ப்கிரவுண்ட் எதுலயும் கரண்ட் ஹூக்கப் கிடையாதுங்க, அதனால ராத்திரி பூரா நீங்க பேட்டரியை மட்டும் நம்பித்தான் இருந்திருக்கீங்க. டீலர் கொடுக்கிறது பெரும்பாலும் ஒரே ஒரு குரூப் 24 சைஸ் லெட் ஆசிட் பேட்டரி, ஒரு 80 ஆம்ப் ஹவர்னு வெச்சுக்கோங்க, அதுல பாதிக்கு மேல எடுத்தா பேட்டரி ஆயுசு குறையும், ஆக கைல இருக்கிறது 40. ஃபர்னஸ் கேஸ்லதான் எரியுது, ஆனா அந்த ப்ளோயர் ஓடும்போது ஏழெட்டு ஆம்ப் எடுக்கும், குளிர் ராத்திரி எட்டு மணி நேரத்துல பாதி நேரம் ஓடினாலே 30 போச்சு. மிச்சம் லைட்டு, ஃபிரிட்ஜ் போர்டு, கேஸ் டிடெக்டர், ஆஃப் பண்ண மறந்த டிவி ஆன்டெனா பூஸ்டர். வோல்டேஜ் கீழ இறங்கினா ப்ளோயர் மெதுவா சுத்தும், உள்ள செயில் சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு, காத்து வேகம் பத்தலன்னா அது மூடாது, அது மூடலன்னா நெருப்பு பத்தாது. அதனாலதான் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டு சூடு வராம நிக்கிறது. பேட்டரி மேல பழி போடாதீங்க பாவம்.

இன்னொண்ணு, வண்டில இருக்கிற அந்த நாலு லைட் பேனல்ல ஃபுல்லுன்னு காட்டுறதை நம்பாதீங்க, சார்ஜ்ல இருந்து எடுத்த உடனே அது எப்பவும் ஃபுல்லுதான் சொல்லும். ஒரு மணி நேரம் சும்மா விட்டு மீட்டர்ல பாருங்க: 12.6, 12.7ன்னா முழுசு, 12.2ன்னா பாதி, 12க்கு கீழன்னா சார்ஜ் போட வழி பாருங்க. கார்ல இருந்து ஏழு முள் கனெக்டர் வழியா சார்ஜ் ஏறும்னு சொல்வாங்க, ஏறும், ஆனா அந்த சன்ன வயர்ல சொட்டுச் சொட்டாத்தான் ஏறும்.

ரெண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரியை சீரியல்ல போட்டா 200க்கு மேல ஆம்ப் ஹவர் கிடைக்கும், குளிர் ஊருக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். லித்தியம் நல்லதுதான், ஆனா உறைநிலைக்குக் கீழ அதை சார்ஜ் பண்ணக்கூடாது, ஹீட்டர் வெச்சதா பாத்து வாங்கணும்.

அப்புறம் ட்ரெய்லர் முன்னாடி மெல்லிசா ஒரு கேபிள் தொங்குமே, பிரேக்அவே சுவிட்ச், அதோட முள்ளை பார்க்கிங் பிரேக் மாதிரி உருவி விடுறவங்க இருக்காங்க. உருவினா நாலு வீல் பிரேக்கும் பேட்டரில ஓடும், சில மணி நேரத்துல பேட்டரி காலி, பிரேக் மேக்னெட்டும் சூடாகி வீணாப்போகும். பசங்க யாராவது விளையாட்டா உருவியிருக்காங்களான்னும் கேட்டுப் பாருங்க.

கேள்வி: புது பேட்டரி மாத்தினேன் சார். மாட்டும்போது சின்னதா ஸ்பார்க். அதுல இருந்து வீட்டு கரண்ட்ல மாட்டினா லைட் எரியுது, வயரை எடுத்தா வண்டி முழுக்க இருட்டு. பேட்டரி 12.7 காட்டுது. (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: கறுப்பு வயரை நெகட்டிவ்ல மாட்டினீங்களா? கார்ல அப்படித்தான், ஆனா நிறைய ட்ரெய்லர்ல கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ், வீட்டு வயரிங் பழக்கத்துல கலர் போட்டிருப்பாங்க. பாதிப் பேர் இங்கதான் விழுறாங்க. கலரை நம்பாம வெள்ளை வயர் வண்டி ஃப்ரேமுக்குப் போகுதான்னு தடவிப் பாத்துட்டு மாட்டணும்.

பேட்டரியைக் கழட்டிட்டு, வண்டி வயரையும் பிடுங்கிட்டு, ஃபியூஸ் பேனலைத் திறங்க. மத்த ஃபியூஸ்ல இருந்து தள்ளி பெருசா ரெண்டு ஃபியூஸ் பக்கத்துல பக்கத்துல இருக்கும், 30 இல்ல 40 ஆம்ப், ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ். உங்களை மாதிரி தலைகீழா மாட்டுறவங்களுக்காகவே வெச்சது. அது எரிஞ்சா பேட்டரிக்கும் பேனலுக்கும் உறவு அறுந்துடும், அதான் வெளிக் கரண்ட்ல எரியுது, பேட்டரில எரியல. ரெண்டையும் மாத்துங்க, அதே ஆம்ப்தான், பெருசு போட்டா நிக்கும்னு நினைச்சுப் போட்டா அடுத்து கன்வெர்டர்தான் ஃபியூஸ்.

ரெண்டும் நல்லா இருந்தா, பேட்டரியைத் திரும்ப சரியா மாட்டிட்டுப் பாருங்க, பேட்டரி பக்கத்துல ட்ரெய்லர் நாக்குல (காரோட மாட்டுற முன் ஃப்ரேம்) தீப்பெட்டி சைஸ்ல ஒரு சின்ன பிரேக்கர் போல்ட் பண்ணியிருப்பாங்க, மழைல துரு ஏறிக் கிடக்கும், அதோட ரெண்டு முனையிலயும் 12 வோல்ட் வருதான்னு பாருங்க. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரலன்னா அதுதான். பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச் இருக்கிற வண்டின்னா அது ஆன்ல இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க, சிரிக்காதீங்க, நிறைய தடவை அதுதான்.

கேள்வி: வீட்டு டிரைவ்வேல ட்ரெய்லருக்கு 30 ஆம்ப் ப்ளக் பாயிண்ட் போடணும். எலக்ட்ரீஷியன், 30 ஆம்ப்னா 240 வோல்ட்தான், டிரையர் மாதிரின்னு சொல்றார். கரெக்டா? அதுவரைக்கும் கராஜ் ப்ளக்ல இருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு ஏசி ஓட்டலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: தப்பு, ரொம்பத் தப்பு, விடாதீங்க. ஆர்வி 30 ஆம்ப் ப்ளக்குக்குப் பேர் டிடி-30, அது 120 வோல்ட்தான், ஒரு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். வீட்டு எலக்ட்ரீஷியன் பல பேருக்கு 30 ஆம்ப்னாலே துணி டிரையர்தான் ஞாபகம் வரும், ரெண்டு ஹாட் வயரைக் கொண்டு வந்து அதுல கட்டி 240 விட்டுட்டுப் போயிடுவார், மாட்டின நொடில மைக்ரோவேவ், கன்வெர்டர், ஏசி போர்டு எல்லாம் புகை. அவர்கிட்ட ஒற்றை போல் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் வயர், 120 வோல்ட்னு எழுதியே கொடுங்க, முடிச்சுட்டுப் போகறதுக்கு முன்னாடி அவரையே மீட்டர் வெச்சு 120 காட்டச் சொல்லுங்க, 240 காட்டினா வண்டியை கிட்ட கொண்டு போகாதீங்க. 50 ஆம்ப் வண்டி வேற கதை, அதுக்கு நாலு முள், 240 வருது, ஆனா வண்டிக்குள்ள ரெண்டு 120ஆ பிரிஞ்சு போகுது. அங்க நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறி இன்னொரு பக்கம் படுத்துக்கும், அதுக்காகத்தான் அந்த வண்டிக்காரங்க இஎம்எஸ் இல்லாம மாட்டவே கூடாதுன்னு சொல்றேன்.

கராஜ் ப்ளக் 15 ஆம்ப், பேட்டரி சார்ஜும் லைட்டும் ஃபிரிட்ஜும் ஓட்டிக்கோங்க. ஏசி வேண்டாம். 100 அடி சன்ன எக்ஸ்டென்ஷன், 14 கேஜ்னா, 15 ஆம்ப் இழுக்கும்போது ஏழெட்டு வோல்ட் வயர்லயே தொலைஞ்சிடும், சுருட்டி வெச்சிருந்தா அந்த வயர் உருகவும் செய்யும்.

கேள்வி: சின்ன இன்வெர்டர் ஜெனரேட்டர் வாங்கினேன், தனியா ஒரு லைட்டு மாட்டினா எரியுது. ட்ரெய்லரை இஎம்எஸ் வழியா மாட்டினா எர்த் இல்லன்னு எர்ரர் காட்டி கரண்ட்டே விட மாட்டேங்குது. ரிட்டர்ன் பண்ணிடவா? (பீனிக்ஸ் வாசகர்)

பதில்: ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சின்ன இன்வெர்டர் ஜெனரேட்டர் நிறையதுல நியூட்ரலையும் எர்த்தையும் உள்ள சேத்திருக்க மாட்டாங்க, இஎம்எஸ் அதைப் பாத்து எர்த் அறுந்திருக்குன்னு நினைச்சு வழி மறிக்குது. நியூட்ரல் கிரவுண்ட் பாண்டிங் ப்ளக்னு சின்னதா ஒண்ணு விக்கிறாங்க, ஜெனரேட்டர்ல சும்மா இருக்கிற இன்னொரு பாயிண்ட்ல சொருகினா எர்ரர் போயிடும். அதை ஜெனரேட்டர்ல மட்டும்தான் சொருகணும், பெடஸ்டல்லயோ வீட்டு ப்ளக்லயோ சொருகக் கூடாது. அப்புறம் 2200 வாட்னு பெட்டி மேல போட்டிருந்தாலும் தொடர்ந்து வர்றது 1800தான், பீனிக்ஸ் வெயில்ல அதை வெச்சு ஏசி ஸ்டார்ட் பண்ணணும்னா ஏசிக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட் (ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்ட்டைக் குறைக்கிற சாமான்) போடுங்க, ஸ்டார்ட் ஆகுற நேரத்துல வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் ரெண்டும் ஆஃப்ல இருக்கட்டும்.